குளக்கட்டடி ராட்டினப் பூங்கா: மூடிய பின் எழுதும் மதிப்பீடு

மூடப்பட்டுவிட்ட ஓர் இடத்துக்கு மதிப்பீடு எழுதும் வழக்கம் இல்லை. எனினும் குளக்கட்டடி ராட்டினப் பூங்கா இருந்த நிலம் பொதுநிலம். பூங்கா போய்விட்டாலும் நிலம் அங்கேயே கிடக்கிறது. அதில் அடுத்து என்ன வரவேண்டும் என்ற பேச்சு ஊரில் இப்போதுதான் எழுந்திருக்கிறது. அந்த நிலத்தைப் பற்றித் தீர்மானிக்கப்போகிறவர்களும், அவர்களிடம் கேட்கவேண்டிய எங்கள் ஊரவரும், அங்கே எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை, எதனால் அது மூடப்பட்டது என்பதை அறிந்திருக்கவேண்டும் என்று இதை எழுதுகிறேன். நான் ஓர் ஆரம்பப்பிரிவு ஆசிரியை. 12 ஆண்டுகளாக மாணவர்களோடும், இடையிடையே என் சொந்தப் பிள்ளைகளோடும் அங்கே போய்வந்தவள். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்றுக்கான காரணமும் கீழே வரும்.

மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் வழியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே ஒன்றரைக் கிலோமீற்றர் போனால், குளக்கட்டு முடிகிற மேட்டில் ஏறத்தாழ 2 ஏக்கர் நிலம் வரும். மூன்று பெரிய மருத மரங்களும் ஒரு பாலை மரமும் அதற்கு நிழல். மீள்குடியேறி வந்த காலத்தில் அந்த மேட்டைச் சுற்றிச் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நின்றன. கண்ணிவெடி அகற்றுபவர்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியதை நாங்கள் வீதியில் நின்று பார்த்திருக்கிறோம். பலகைகளை எடுத்த பின்னும் நெடுநாள் வரை அந்தப் புல்லில் யாரும் ஒரு மாட்டைக்கூடக் கட்டவில்லை. வேலை முடிந்தது, நிலம் பாதுகாப்பானது என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் கால் வைக்க மனம் வரவில்லை. அந்த மண்ணில் பிள்ளைகள் ஓடலாம் என்று எங்களை நம்பவைத்தது இந்தப் பூங்கா. இதை முதலில் சொல்லாமல் ராட்டினங்களைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

உள்ளே போகக் கட்டணம் இல்லை. நிலம் பொதுநிலம் என்பதால் வாசலில் காசு வாங்கக்கூடாது, ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டுமே ரிக்கற் கொடுக்கலாம் என்பது நடத்துநர் ஒப்புக்கொண்ட நிபந்தனை. பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தியது இந்தச் சிறிய நிபந்தனைதான். காசில்லாத பிள்ளையும் உள்ளே வந்து மற்றப் பிள்ளைகள் ஏறுவதைப் பார்க்கலாம், மருத மரத்தடியில் ஓடி விளையாடலாம், பொழுதுபட்டதும் வீட்டுக்குப் போகலாம். வயல் வேலை முடித்து வரும் தாய்மார் கால்நீட்டி இருந்து கதைக்க அந்த ஊரில் வேறு இடம் இருக்கவில்லை. கோயில் வீதியில் இருந்தால் கோயிலுக்கு உரிய அடக்கத்தோடு இருக்கவேண்டும், கடை வாசலில் நின்றால் ஏதாவது வாங்கவேண்டும். ஒரு தரம் ஏறத் தொடக்கத்தில் 30 ரூபா, பின்னர் நெடுங்காலம் 50 ரூபா, மூடும்போது 100 ரூபா. மூன்று பிள்ளைகள் உள்ள கூலிக் குடும்பம் ஒன்று மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை அங்கே கழிக்க அந்த விலை இடம் கொடுத்தது.

பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது சிறு ரயில். நான்கு பெட்டிகள், மருத மரங்களைச் சுற்றி ஒரு நீள்வட்டத் தண்டவாளம், முன்னே ஒரு நீர் இறைக்கும் இயந்திரத்தின் எஞ்சினைப் பூட்டிய வண்டி. பெட்டிகளில் பெயர் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே பிள்ளைகள் அதை யாழ்தேவி என்றார்கள். வன்னி வழியே ஓடிய உண்மையான யாழ்தேவி 1990 இல் நின்றுபோனது. அது மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்ரெம்பரில். இந்தச் சிறு ரயில் அதற்கு முந்திய ஆண்டே ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே எங்கள் பிள்ளைகள் தம் வாழ்வில் முதலில் ஏறிய ரயில் இதுதான். அவர்களுடைய தாய் தகப்பன் பலருக்கும் அப்படியே. உண்மையான ரயில் வந்தபோது எங்கள் வகுப்பை நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அது புறப்பட்டுத் தெற்கே போய் மறைந்ததும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "ரீச்சர், இது சுத்தி எங்களிட்டையே திரும்பி வருமோ?" என்று கேட்டது. அந்தப் பிள்ளை அறிந்த ரயில் அப்படித்தான் வரும்.

ரயிலின் கடைசிப் பெட்டியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பூங்கா தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, கால் இழந்த தகப்பன் ஒருவர் தன் மகளோடு வந்தார். மகள் மட்டும் ஏறினாள், அவர் சக்கர நாற்காலியில் வெளியே இருந்தார். அடுத்த முறை நாங்கள் போனபோது கடைசிப் பெட்டியின் இருக்கையையும் பக்கத் தகட்டையும் கழற்றி, சக்கர நாற்காலி அப்படியே ஏறி நிற்கும்படி ஒரு சாய்பலகையும் இரண்டு கொளுக்கிகளும் போட்டிருந்தார்கள். யாரும் கோரிக்கை கொடுக்கவில்லை, எந்த நிறுவனமும் நிதி கொடுக்கவில்லை. போரில் உறுப்பிழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் ஒரு பிரதேசத்தில், அரச கட்டடங்கள் பலவற்றிலேயே சாய்தளம் இல்லாதபோது, ஒரு ராட்டினக்காரர் இதைத் தானாகச் செய்தார். நான் கொடுக்கும் நான்கில் ஒன்று முழுவதும் இந்தப் பெட்டிக்கானது.

பெரிய ராட்டினம் அப்படி ஒன்றும் பெரியதன்று. எட்டுக் கூடைகள், உச்சியில் ஏறத்தாழ 30 அடி உயரம். தெற்கில் களியாட்ட விழாக்களில் ஓடி ஓய்ந்த ஒன்றை வாங்கி வந்து புதுப்பித்திருந்தார்கள். ஆனால் வன்னி தட்டையான நிலம். 30 அடி உயர்ந்தால் குளம் முழுவதும் தெரியும். தை மாதத்தில் அலைகரை வரை நீர் விரிந்து கிடப்பதும், அதற்கு இப்பால் வயல் பச்சையும், அப்பால் பனைகளும், ஏ9 வீதியில் பேருந்துகள் ஊர்வதும், எல்லாவற்றுக்கும் பின்னே காடு கறுத்துக் கிடப்பதும் தெரியும். தன் ஊரைத் தானே மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்களில் அநேகருக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. எங்கள் ஊர்களில் உயரமாக நின்றவை காவலரண்களும் தண்ணீர்த்தாங்கிகளுமே. கிளிநொச்சியில் அந்தப் பெரிய தண்ணீர்த்தாங்கி போரில் அடியோடு சரிந்து வீதியோரம் கிடந்ததை அவ்வழியே போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ராட்டினத்தில் ஏறப் பயந்தவர்கள் பெரியவர்கள்தான். என் மாணவி ஒருத்தியின் தாய், முதன்முறை கூடை மேலே போகத் தொடங்கியதும் குனிந்து, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மகள், தாய் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தத் தாய் 2009 இன் தொடக்க மாதங்களைப் பதுங்குகுழிகளில் கழித்தவள். வெளியாய் இருக்கும் இடத்தில் உயர்ந்து நிற்பது அவளுடைய உடம்புக்கு ஆபத்து என்றே பதிந்திருந்தது. இறங்கியபின் அவள் என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தாள். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, உச்சியில் கூடை நின்றபோது, அவள் கையை நீட்டித் தன் காணி இருக்கும் திசையை மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்ததைக் கீழிருந்து பார்த்தேன். உளவள ஆலோசனை நிலையங்கள் செய்யும் வேலையை ஒரு ராட்டினம் செய்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது என்ன செய்தது என்பதைக் கண்ணால் கண்டேன், அவ்வளவே.

குதிரை ராட்டினமும் துள்ளு வலையும் மற்ற இடங்களில் உள்ளவற்றைப் போன்றவையே. குதிரைகளுக்கு ஆண்டுதோறும் சித்திரைக்கு முன் புதுப் பூச்சு நடக்கும். தின்பண்டங்களைப் பொறுத்தவரை கச்சான், சோளப்பொரி, தும்பு முட்டாஸ், ஐஸ்பழம், மாலையில் சுடச்சுடக் கடலை வடை. வெளிக்கடை விலைக்கு மேல் ஒரு ரூபாவும் வாங்குவதில்லை. விற்றவர்கள் எல்லோரும் அயலிலுள்ள பெண்கள். ஐந்து பேரில் மூவர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். அவர்களிடமிருந்து இட வாடகை வாங்கப்படவில்லை. மாலையில் நிலத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஆகவே குப்பையைப் பற்றி எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை.

கோயில் திருவிழாக் காலங்களில் வந்துபோகும் கார்னிவல்களோடு இதை ஒப்பிட்டுச் சிலர் குறைசொல்வதுண்டு. அங்கே மரணக்கிணறு உண்டு, மேடைப் பாட்டு உண்டு, வண்ண விளக்குகள் உண்டு. இங்கே ஒன்றும் இல்லை என்பார்கள். உண்மை. அந்தக் கார்னிவல்கள் பத்து நாள் நின்று, ஊரின் கைக்காசை அள்ளிக்கொண்டு போய்விடும்; அவற்றின் ஓசையும் நெரிசலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல; வாசலிலேயே காசு. குளக்கட்டடிப் பூங்காவில் ஒலிபெருக்கி கிடையாது. அது வேண்டாம் என்று நடத்துநர் தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தார். பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும், திடீர் ஓசை பலருக்கு ஒத்துவராது என்பதும் அவர் சொன்ன காரணங்கள். பொழுதுபோக்கு இடத்தில் பறவைச் சத்தம் கேட்பது எவ்வளவு பெரிய வசதி என்பது அங்கே போனவர்களுக்குத்தான் தெரியும்.

இனிக் குறைகள். கழிப்பறை இரண்டே இரண்டு; ஆவணி மாதம் கிணறு வற்றினால் அவையும் இல்லை. சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி கண்ணைத் திறக்க விடாது. வெளிச்சம் போதாது, வாசலிலிருந்து வீதி வரையுள்ள பாதையில் ஒரு விளக்கும் இல்லாததால், பெண்பிள்ளைகளோடு வருபவர்கள் ஆறரைக்கு முன் எழும்பிவிடவேண்டும். மாரியில் நுளம்பு. இவற்றில் பலவற்றை ராட்டினக்காரர் ஒருவரே தீர்க்கமுடியாது என்பதை அறிவேன். ஆயினும் கழிப்பறைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைப்பது அவருடைய கையில் இருந்தது, அதை அவர் தள்ளிப்போட்டார். பெண்பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியை என்ற முறையில் இதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை. ஒரு புள்ளியைக் குறைத்தது இதற்காகவும், அடுத்துச் சொல்லப்போகிற நிகழ்ச்சிக்காகவும்தான்.

2022 பங்குனியில் மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. மாதக் கடைசியில் அது 13 மணித்தியாலம் வரை போனது. அதற்கு முந்திய வாரம் ஒரு மாலை, அறிவித்த நேரத்துக்கு முன்னரே மின்சாரம் நின்று, என் மாணவர் இருவர் உச்சிக் கூடையில் அகப்பட்டுக்கொண்டார்கள். மின்பிறப்பாக்கி இருந்தது, டீசல் இல்லை. கையால் சுற்றி இறக்கும் சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. இறக்குவதற்கு 40 நிமிடங்கள் ஆயின. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தார்கள். கீழே நின்ற எனக்குத்தான் கைகால் நடுங்கியது. மாதம் ஒரு முறை எண்ணெய் விட்டிருந்தால் அந்தச் சக்கரம் ஐந்து நிமிடத்தில் சுழன்றிருக்கும். நடத்துநர் மறுநாள் இருவரின் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார்; அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்தை வாரந்தோறும் சுற்றிப் பார்ப்பதை நானே கண்டேன். அந்தக் கோடை முழுவதும் பெரிய ராட்டினம் ஓடவில்லை. குதிரை ராட்டினத்தை மட்டும் இளைஞர்கள் நால்வர் கையால் தள்ளிச் சுழற்றினார்கள். பூங்காவை ஒரு நாளும் மூடவில்லை.

மூடியதன் காரணத்தைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. நட்டம், இயந்திரம் பழுது, நடத்துநர் வெளிநாடு போய்விட்டார் என்றெல்லாம். நான் அறிந்தவரை வேர் வேறிடத்தில் இருக்கிறது. நிலம் அவருக்கு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் அனுமதியின் பேரிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. டிசெம்பர் 31 ஆம் திகதியோடு உரிமை முடிந்துவிடும்; தை பிறந்தபின் புதிய கடிதம் வரும். 12 ஆண்டுகளும் அப்படியே. ஓராண்டு அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனவருக்குக் கடன் கிடைக்கவில்லை, ஏனென்றால் கடனைத் திருப்பிக் கட்டும் காலத்துக்கு நிலம் அவரிடம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கடன் இல்லாததால் புதிய இயந்திரம் இல்லை. நிலையான கழிப்பறை கட்டினால் அடுத்த ஆண்டு யாருக்குச் சொந்தம் என்று தெரியாததால் அதையும் கட்டவில்லை. மேலே நான் எழுதிய குறைகளில் பாதி இங்கிருந்து முளைத்தவை. இதற்கிடையில் 2022 ஆவணியில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 மாசியில் மீண்டும் 66 சதவீதமும் கூடின. 2024 இல் பரிசோதித்தவர்கள் பெரிய ராட்டினத்தின் நடு அச்சையும் இரண்டு கூடைகளையும் மாற்றவேண்டும் என்று சரியாகவே எழுதினார்கள். ஐந்து ஆண்டுக்கு உறுதி தந்தால் மாற்றுகிறேன் என்று அவர் கேட்டார். மாற்றினால் புதுப்பிப்பதைப் பற்றிப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. இரு பக்கமும் அப்படியே நின்றது.

நாங்கள் பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தோம். யாரிடம் கொடுப்பது என்பதே கேள்வியாக இருந்தது. நாடெங்கும் 2018 இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 பங்குனியில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகளை உத்தியோகத்தர்களே நடத்தினார்கள். அவர்களில் எவரும் எங்களை அவமதிக்கவில்லை. ஆனால் நிலத்தை நீண்ட காலத்துக்குக் கொடுப்பதா இல்லையா என்பது மக்கள் தெரிவுசெய்தவர்கள் கூடி முடிவெடுக்கவேண்டிய விடயம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கூட்டம் இல்லாத காலத்தில்தான் பூங்கா முடிந்தது. வட்டார உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் அவருடைய வீட்டு வாசலில் போய் நின்றிருப்போம்.

கடைசி ஞாயிறு மழை விட்டிருந்தது. குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. பெரிய ராட்டினத்தை அவர் ஓட்டவில்லை. பரிசோதகர் எழுதியதை மீறமாட்டேன் என்றார். ரயில் மட்டும் ஓடியது. நான் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரிக்கற் வாங்கப் போனபோது, "காசை வையுங்கோ ரீச்சர். பிள்ளையளை ரெண்டு தரம் ஏத்துங்கோ, தண்டவாளம் நாளையிண்டைக்குக் கழட்டப் போறம்" என்றார். பழைய மாணவர்கள் பலர் வந்திருந்தார்கள். முதலாம் ஆண்டில் அந்த ரயிலில் ஏறிய ஒருத்தி இப்போது முன்பள்ளி ஆசிரியை, தன் முன்பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். கால் இழந்த அந்தத் தகப்பனும் வந்தார். கடைசிச் சுற்றில் கடைசிப் பெட்டியில் அவர் தனியே இருந்தார். மகள் உயர்தரம் படிக்கிறாள், வகுப்புக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்.

தண்டவாளமும் பெரிய ராட்டினமும் பழைய இரும்பு விலைக்குப் போயின. குதிரைகளில் நான்கை அந்த முன்பள்ளி வாங்கி முற்றத்தில் நட்டிருக்கிறது. நிலத்தைச் சுற்றி முட்கம்பி அடித்து, பொதுத் தேவைக்கு ஒதுக்கப்பட்ட காணி, உள்ளே வரக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தத் தேவை என்ன என்பது அதில் இல்லை. பிள்ளைகள் இப்போது விடுமுறை நாளில் ஏ9 வீதியோரத்தில் விளையாடுகிறார்கள். கனரக வாகனங்கள் நிற்காமல் போகும் வீதி அது. வசதியுள்ளவர்கள் 60 கிலோமீற்றருக்கும் மேல் பயணம் செய்து யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள்.

தேர்தல் முடிந்து சபை கூடியபின், நாங்கள் மனுவை மாற்றி எழுதினோம். அதே நடத்துநருக்கே கொடுக்கவேண்டும் என்று கேட்கவில்லை; விலைமனுக் கோரும் கேள்வி அறிவித்தல் போட்டு யாருக்கும் கொடுக்கட்டும். ஐந்து ஆண்டுக்குக் குறையாத குத்தகையாக இருக்கவேண்டும் என்றும், வாசலில் கட்டணம் வாங்கக்கூடாது என்ற பழைய நிபந்தனையை அப்படியே எழுதவேண்டும் என்றும், கழிப்பறையையும் தண்ணீரையும் வீதி விளக்கையும் சபை தன் பொறுப்பில் எடுக்கவேண்டும் என்றும், ஓடும் எதிலும் சக்கர நாற்காலிக்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். அதுவரைக்குமாவது முட்கம்பியில் ஒரு படலை வைத்து, மாலை நான்கு மணியிலிருந்து ஆறரை வரை பிள்ளைகளை உள்ளே விடும்படியும், மருத மரங்களில் கைவைக்க வேண்டாம் என்றும் ஒரு பின்குறிப்பு எழுதினோம். மனு சபைச் செயலகத்தில் கையளிக்கப்பட்டு, கிடைத்ததற்கான முத்திரை இடப்பட்ட பிரதி பாடசாலை அலுவலகத்தில் இருக்கிறது. கையெழுத்து வைக்கத் தவறிய பெற்றோர் அங்கே வந்து இரண்டாவது தாளில் வைக்கலாம்.